ஏ.ஆர்.டி. எடுப்பவரின் வாய்க்கு எந்த மருந்து? மெடிக்கல் ஷாப் அலமாரியைப் பற்றி ஒரு மதிப்பீடு

"வாய்ப்புண்ணுக்கு ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று கைக்கு வரும். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை அட்டை, மரத்துப்போக வைக்கும் ஜெல், இல்லாவிட்டால் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு வரும் வெள்ளைப் படலத்துக்கு இந்த மூன்றில் கடைசியானது மட்டும்தான் வேலை செய்யும். முதலாவதில் துத்தநாகமோ இரும்போ கலந்திருந்தால் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கத் தினமும் போடும் ஏ.ஆர்.டி. மாத்திரையின் வேலையையே குறைக்கும். கடைக்காரருக்கு இது தெரிய வழியில்லை. தன் நிலையை அவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. அதனால் வாங்குகிறவருக்கே விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே கம்பெனிப் பெயர்கள் இல்லை. அட்டையிலும் பாட்டிலிலும் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் சொல்கிறோம், கடையில் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறோம்: வாயின் எந்தக் காவல் சரிந்ததால் இந்தத் தொல்லை வந்ததோ, அந்தக் காவலின் வேலையை இது செய்கிறதா?

கேண்டிடா என்ற பூஞ்சை ஆரோக்கியமான பலருடைய வாயிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. அதை அடக்கி வைப்பவை இரண்டு. ஒன்று உமிழ்நீர். அதில் ஹிஸ்டாட்டின் என்ற சிறு புரதம் பூஞ்சையை நேரடியாகக் கொல்கிறது. லைசோசைம், லாக்டோஃபெரின், ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் ஆகியவை துணை நிற்கின்றன. இன்னொன்று, வாயின் மென்தோலுக்கு அடியில் இருக்கும் டி.எச்.-17 வகை சி.டி.4 செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை). இவை ஐ.எல்.-17, ஐ.எல்.-22 என்ற சமிக்ஞைப் புரதங்களை விட்டால்தான் மேல்தோல் டிஃபென்சின்கள் என்ற கிருமிக்கொல்லிப் புரதங்களைச் சுரக்கும், நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். எச்.ஐ.வி. தாக்குவது சி.டி.4 செல்களை, அவற்றிலும் டி.எச்.-17 முன்னதாகவே அழிகிறது. இன்னொரு வகை வெள்ளணுக்களான சி.டி.8 செல்கள் உதவிக்கு வருகின்றன. ஆனால் வெள்ளை படிந்த இடங்களில் அவை மேல்தோலுக்குச் சற்றுக் கீழேயே தேங்கி நின்றுவிடுவதைத் திசு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவற்றை மேலே இழுத்துச் செல்ல வேண்டிய ஈ-காட்ஹெரின் என்ற ஒட்டுப்புரதம் அங்கே குறைந்துபோயிருப்பதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

இதனால்தான் இந்த நோய் பல நேரம் வாயில் முதலில் தலைகாட்டுகிறது. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வெளிவந்த, எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கையில் இருந்த ஐந்து இளைஞர்களுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. இன்றும் சி.டி.4 எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) 200-க்குக் கீழே போகும்போது வெள்ளை படியும் வாய்ப்பு கூடுகிறது. வாய்க்குள் தொடர்ந்து நிற்கும் வெள்ளைப் படலத்தை உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. நோயின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை அடையாளமாகக் கணக்கிடுகிறது.

வாங்கும் முன் ஒரு சோதனை. சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி, வெள்ளையாக இருக்கும் இடத்தை மெதுவாகத் துடைக்க வேண்டும். தயிர் ஏடு போல வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவந்த தோலோ துளி ரத்தமோ தெரிந்தால் அது கேண்டிடா. நாக்கின் பக்கவாட்டில் செங்குத்துக் கோடுகளாக இருந்து, துடைத்தாலும் வராவிட்டால் அது ஹேரி லியூக்கோபிளேக்கியாவாக இருக்கலாம். எப்ஸ்டைன்-பார் வைரஸால் வருவது இது, 1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் விவரிக்கப்பட்டது. எந்தப் பூஞ்சை மருந்துக்கும் அசையாது, ஏ.ஆர்.டி. சரியாக வேலை செய்தால் பெரும்பாலும் தானே மங்கும். புகையிலை, பான் பழக்கம் உள்ளவருக்குத் துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பாட்டில் வாங்குவதை விட்டுப் பல் மருத்துவரிடம் போக வேண்டும். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கக்கூடும். வெள்ளையே இல்லாமல் நாக்கின் நடுவிலும் மேலண்ணத்திலும் சிவந்து எரிவதும், வாய் ஓரங்கள் வெடிப்பதும்கூட கேண்டிடாவின் வேஷங்கள்தான். இவற்றைத்தான் காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட், 1%

அலமாரியில் இருப்பதிலேயே அதிகம் பயன்படக்கூடியதும் இதுதான், அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். க்ளோட்ரிமசோல் பூஞ்சையின் மேலுறையைச் சிதைக்கிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. தொட்ட இடத்தில் மட்டும் ஹிஸ்டாட்டினின் வேலையைச் செய்யும் கூலியாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 10 முதல் 20 சொட்டு, நாளுக்கு 3 அல்லது 4 முறை. அளவில் யாரும் அதிகம் தவறுவதில்லை, முறையில்தான் தவறுகிறார்கள். சாப்பிட்ட பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, பொய்ப்பல் இருந்தால் கழற்றி, காட்டன் பட்ஸால் கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் மேல், நாக்குக்கு அடி, மேலண்ணம் என்று எல்லா இடத்திலும் தடவ வேண்டும். வெள்ளை தெரியும் இடத்தில் மட்டும் தடவினால் மற்ற இடத்திலிருந்து திரும்பிவரும். தடவிய பட்ஸை மறுபடி பாட்டிலுக்குள் விடக் கூடாது. மூடியிலோ சின்னக் கிண்ணத்திலோ சொட்டு விட்டுத் தொட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த அரை மணி நேரத்துக்கு டீ, தண்ணீர் எதுவும் வேண்டாம். இரவு படுக்கப்போகும் வேளைதான் மிக முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பூஞ்சைக்கு அது நல்ல நேரம். மருந்தும் கழுவப்படாமல் நெடுநேரம் நிற்கும்.

இரண்டு மூன்று நாளில் வெள்ளை மறையத் தொடங்கும். அத்தோடு நிறுத்துபவர்கள்தான் மறு மாதம் கடைக்கு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது மறைந்த பிறகும் தோலிடுக்கில் பூஞ்சை இழை இருக்கும். முழுதாக 7 முதல் 14 நாள் தடவ வேண்டும்.

இதன் எல்லையும் தெளிவானது. விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தாலோ, சோறு தொண்டையைத் தாண்டிச் சிக்குவது போல இருந்தாலோ பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். பூச்சு அங்கே எட்டாது. அது நான்காம் நிலை அறிகுறி, அன்றைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டும்.

லேசான, முதல் முறை வந்த வெள்ளைப் படலத்துக்கும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இருப்பவருக்கும் இது நல்ல தேர்வு. கர்ப்ப காலத்தின் தொடக்கத்தில் ஃப்ளுகோனசோல் மாத்திரையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஃப்ளுகோனசோல் மாத்திரை

எச்.ஐ.வி. உள்ளவரின் வாய் கேண்டிடாவுக்கு முதல் தேர்வாகப் பரிந்துரைக்கப்படுவது இதுதான், அதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை. மாத்திரையாக வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக உமிழ்நீரிலும் வந்து சேருகிறது. உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும் என்பதால் நாளுக்கு ஒரு வேளை போதும். பூச்சு எட்டாத இடுக்கிலும் எட்டும். பட்ஸ், அரை மணிக் காத்திருப்பு எதுவும் வேண்டாம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் முழுக் கெடுவையும் முடிக்கிறார்கள்.

ஆனால் கடைகளில் இது 150 மி.கி. ஒற்றை மாத்திரையாகவே அதிகம் புழங்குகிறது. அது பெண்களின் பிறப்புறுப்புப் பூஞ்சைக்கான ஒரே வேளை அளவு. வாய்க்கு அது போதாது. வழக்கமாக மருத்துவர்கள் எழுதுவது நாளுக்கு 100 முதல் 200 மி.கி., 7 முதல் 14 நாள். உணவுக்குழாய் என்றால் 200 முதல் 400 மி.கி., 14 முதல் 21 நாள். ஒற்றை மாத்திரையைப் போட்டுவிட்டு, குறைந்தது போல் இருக்க, திரும்ப வந்ததும் இன்னொன்று போட்டு, இப்படி வருஷம் முழுக்க விட்டுவிட்டுப் போடுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். சி.டி.4 மிகக் குறைந்தவரிடம் இப்படிப் பழகிய பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாமல் போகிறது. இயல்பிலேயே இதற்கு அடங்காத க்ரூசி போன்ற கேண்டிடா இனங்கள் இடம் பிடிக்கவும் வழி கிடைக்கிறது. பிறகு கல்ச்சர் எடுத்து வேறு விலையுயர்ந்த மருந்து தேட வேண்டியிருக்கும்.

மற்ற மருந்துகளோடு இது எப்படி நடந்துகொள்ளும் என்பதும் முக்கியம். டோலுடெக்ராவிர் 50, லாமிவுடின் 300, டெனோஃபோவிர் 300 மி.கி. சேர்ந்த ஒற்றை ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. நெவிரபின் சேர்ந்த பழைய ஏ.ஆர்.டி. மருந்துக் கூட்டில் இன்னும் இருப்பவருக்கு ரத்தத்தில் நெவிரபின் அளவை ஃப்ளுகோனசோல் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும், கல்லீரல் பாதிக்கப்படலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரிடம் கதை தலைகீழ்: ஃப்ளுகோனசோல் சீக்கிரம் கரைந்துபோய்ப் பலன் குறையும். ஆகவே கடையில் கேட்டு வாங்காமல், சிகிச்சை நோட்டோடு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் மருத்துவர் எழுதித் தந்து வாங்குவதே சரி. அரசு மருத்துவமனையில் இது இலவசமாகவே கிடைக்கக்கூடிய மருந்து.

ஏழு நாளில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். இல்லையென்றால் மாத்திரையைத் தானாகவே கூட்டாமல் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும்.

மவுத்வாஷ், ஜெல், வைட்டமின்

0.2% க்ளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஈறுக்கான பொருள். பல்லை ஒட்டி ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடுவதும், ஈறு கரைந்து துர்நாற்றத்தோடு வலிப்பதும் எச்.ஐ.வி.யில் வரும். அப்போது பல் மருத்துவர் ஸ்கேலிங் செய்து கொடுக்கும் இரண்டு வாரச் சிகிச்சைக்கு இது நன்றாகவே உதவுகிறது. 10 மி.லி., ஒரு நிமிடம், காலையும் இரவும். பேஸ்டில் இருக்கும் நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுப்பதால் பல் துலக்கிய கையோடு கொப்பளித்தால் பணம் வீண். அரை மணி இடைவெளி வேண்டும். பூஞ்சைக்கான நிஸ்டாட்டின் சொட்டு மருந்தோடு சேர்ந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்கின்றன. மாதக்கணக்கில் போட்டால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். வெள்ளைப் படலத்துக்கு இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மரத்துப்போக வைக்கும் ஜெல்கள் வலியை மறைக்கும், வேறொன்றும் செய்யாது. சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தடவி நாலு வாய் சோறு இறங்க வைக்கலாம் என்ற அளவில் மதிப்பு உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், ஒரு செ.மீ.க்கு மேல் பெரிய புண், விளிம்பு தடித்த புண் எதுவானாலும் ஜெல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹெர்பிஸ், காசநோய், புற்றுநோய் எல்லாம் இப்படி வரலாம். தொற்றுகளைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு வாயெல்லாம் வெந்து, தோலிலும் தடிப்பு வந்தால் அது அவசரம். மாத்திரையை நிறுத்திவிட்டு அதே நாளில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ட்ரையம்சினலோன் வாய்ப்பசையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், மருத்துவர் பார்த்துக் கொடுத்தாலொழிய. அது ஸ்டீராய்டு. சாதாரண வாய்ப்புண்ணை ஆற்றும், ஆனால் பூஞ்சையின் மேல் தடவினால் மிச்சம் இருக்கும் காவலையும் உட்கார வைத்துவிடும். முதல் ஏ.ஆர்.டி. கூட்டு பலிக்காமல் இரண்டாவது மருந்துக் கூட்டில் ரிட்டோனவிர் எடுப்பவருக்கு ட்ரையம்சினலோன் உடம்பில் கரையாமல் தேங்கும் அபாயமும் இருக்கிறது. ஊசியாகப் போடும்போது அது பெரிய ஆபத்து. பசை என்றாலும் நாள்கணக்கில் தடவுவது வேண்டாம்.

வைட்டமின் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாய்ப்புண் என்றால் சத்துக் குறைவு என்ற நம்பிக்கையில் பலர் வாங்கும் மாத்திரைகளில் துத்தநாகம், இரும்பு, கால்சியம் இருக்கின்றன. இந்த உலோகங்கள் குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்கின்றன. மருந்து ரத்தத்துக்குள் போகும் அளவு குறைகிறது. தினமும் இரண்டையும் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டால், வாயைக் காப்பாற்ற வாங்கிய மாத்திரையே வைரஸுக்கு வழி விடும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இரும்பு, கால்சியம் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் போடலாம். அசிடிட்டிக்குக் குடிக்கும் மெக்னீசியம், அலுமினியம் கலந்த சிரப்புக்கு இந்தச் சலுகை கிடையாது, 2 மணி, 6 மணி இடைவெளி கட்டாயம். உலோகம் எதுவும் கலக்காத வெறும் பி காம்ப்ளக்ஸால் தொந்தரவில்லை; பலனும் சத்துக் குறைவு உண்மையிலேயே இருந்தால்தான்.

மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் நல்ல உணவு, எரியும் வாய்க்கு இதமும் கூட. சாப்பிடுங்கள். தேன் தடவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தைக்கு அக்கரம் வந்தால் தேன் தடவும் வழக்கத்தைப் பெரியவர்களும் பிடித்துக்கொள்கிறார்கள். வறண்ட வாயில் அது பற்சொத்தைக்குப் போடும் தீனி. (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.)

வறண்ட வாய்க்கான பொருட்கள்

ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் சரிய, வெள்ளைப் படலம் வருவது வெகுவாகக் குறைகிறது. சி.டி.4 முழுசாக ஏறும் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்துக்கு இணையாக வைக்க அலமாரியில் எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாக் காவலும் திரும்புவதில்லை. மென்தோலில் டி.எச்.-17 செல்கள் பழைய அளவுக்கு முழுமையாக வந்து சேர்வது அரிது. சிலருக்கு ஏ.ஆர்.டி.க்குப் பிறகு வாயில் மருக்கள் முளைக்கின்றன. மனித பாப்பிலோமா வைரஸால் வருபவை, பூச்சு மருந்துக்குப் போகாது. உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் சி.டி.8 செல்கள் குவிந்து, பொன்னுக்கு வீங்கி போலக் கன்னம் இரண்டு பக்கமும் வலியில்லாமல் உப்பி, வாய் வறள்வதும் உண்டு. சில மருந்துகளும், குறிப்பாகப் புரோட்டியேஸ் தடுப்பான்கள் என்ற வகையைச் சேர்ந்த பழைய எச்.ஐ.வி. மருந்துகள், வறட்சியைக் கூட்டின.

வறட்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே அளக்கலாம். காலையில் எதுவும் சாப்பிடாமல், மெல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஊறும் உமிழ்நீரை 10 நிமிடம் மருந்து அளக்கும் மூடியில் துப்பிச் சேர்க்க வேண்டும். 1 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் உண்மையான வறட்சி.

கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கை உமிழ்நீர் வழுவழுப்பைத் தருகிறது, சீக்கிரமே போய்விடுகிறது. ஹிஸ்டாட்டினோ ஐ.ஜி.ஏ.வோ அதில் கிடையாது. இரவில் நாக்கு ஒட்டிக்கொண்டு விழிப்பவர் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். பகல் முழுக்க வாங்கித் தீர்க்கும் அளவுக்கு மதிப்பில்லை. சுரப்பி கொஞ்சமாவது வேலை செய்கிறவருக்கு ஸைலிட்டால் சூயிங்கம்தான் எங்கள் தேர்வு. மெல்லும்போது வருவது சொந்த உமிழ்நீர். காவல் புரதங்கள் அதிலேயே இருக்கின்றன. சேர்மானப் பட்டியலில் ஸைலிட்டால் முதலாவதாக இருக்க வேண்டும், சர்க்கரை எங்கேயும் இருக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம். புளிப்பு மிட்டாய் வேண்டவே வேண்டாம், உமிழ்நீரோடு எனாமலையும் கரைக்கும்.

பேஸ்ட் எதுவானாலும் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். இந்தியாவில் பேஸ்டுக்கு 1000 பி.பி.எம். வரைதான் அனுமதி. அதன் முழுப் பலனும் கிடைக்க, துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விட வேண்டும். வாய் எரிபவர் நுரை குறைந்த பேஸ்டைத் தேடலாம்.

பொய்ப்பல் கட்டியவர் வாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அக்ரிலிக்கின் நுண்ணிய துளைகளில் பூஞ்சை குடியிருக்கும். இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்து, 0.2% க்ளோர்ஹெக்சிடினில் நாளுக்கு இரண்டு முறை 15 நிமிடம் ஊற வைத்துக் கழுவ வேண்டும். மருந்துக் கெடு முடியும் நாளில் டூத் பிரஷையும் மாற்றிவிடுவது நல்லது.

ஆறு மாதத்துக்கு மேல் ஏ.ஆர்.டி. எடுத்துவரும் ஒருவருக்கு வெள்ளைப் படலம் புதிதாக வந்தால், அலமாரியில் எதை வாங்குவது என்பது இரண்டாவது கேள்வி. ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறாரா, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா, சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், மாத்திரை விட்டுப்போன நாட்களோ, மருந்துக்கு அடங்காத வைரஸோ காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம், வழக்கமாக ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடம் ஒரு முறை எடுப்பார்கள். அடுத்த தேதி வரை காத்திருக்காமல், வாயில் வெள்ளை வந்திருக்கிறது என்று சொல்லி முன்னதாகவே கேட்க வேண்டும். மவுத் பெயின்ட் தடவுவதற்கு முன்பே வாயைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மையத்துக்குப் போகும் நாளில் படலம் மறைந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டலாம். கடந்த மூன்று மாதத்தில் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்துப்போக வேண்டும். இன்னும் எச்.ஐ.வி. பரிசோதனையே செய்துகொள்ளாதவருக்குக் காரணம் தெரியாமல் இப்படி வெள்ளை படிந்தால், பக்கத்து அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் ரகசியமாகவே வைக்கப்படும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.